நின்னது பிரச்சனை இல்லடா, எங்க வந்து சேர்ந்த?

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். (வாசிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு: ஆடியோவில் இடையிடையே போட்டுக் காட்டிய ஒலித்துண்டுகள் இங்கே இல்லை. மற்றபடி பேசினது அப்படியே, என் ‘வந்து, வந்து’ எல்லாம் நீக்கப்பட்டு.)

போன வருஷம், சென்னையில ஒரு சின்ன கஃபே. நாற்பது பேர் உட்கார்ந்தா இடம் நிறைஞ்சிடும். என் நண்பன் கஞ்சிரா வாசிக்கிறான், பக்கத்துல லேப்டாப்போட நான். அவன் வாசிக்கிறதைப் பதிவு செஞ்சு, லூப் ஆக்கி, அதுக்கு அடியில ஒரு பேஸ் லைனும் கொஞ்சம் சின்த்தும் ஓடவிடுற மென்பொருள் ஒண்ணை நானே எழுதியிருந்தேன். ஆறு மாச வார இறுதிகள் அதுக்குள்ள போயிருக்கு. வீட்டுல நூறு தடவை ஓட்டிப் பார்த்தாச்சு, ஒரு தடவை கூடச் சொதப்பல.

மேடையில் பதினோராவது நிமிஷம் அது உறைஞ்சு போச்சு. முதல்ல ‘கர்ர்ர்’னு ஒரு சத்தம், அப்புறம் மௌனம். நான் குனிஞ்சு, புரோகிராமை மூடி, திரும்ப ஓடவிட்டேன். ஏழெட்டு வினாடிதான் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு முழு அப்ரைசல் மீட்டிங் மாதிரி நீண்டது. நல்லவேளை, நண்பன் நிறுத்தவே இல்லை, தனியா வாசிச்சுக்கிட்டே இருந்தான். கூட்டம் அதை ஏதோ திட்டம் போட்டு வச்ச தனின்னு நினைச்சுக் கைதட்டியது.

முடிஞ்சதும் டீக்கடையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னான்: “நின்னது பிரச்சனை இல்லடா. எங்க வந்து சேர்ந்த?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் வாசித்தது ஆதி தாளம், எட்டு அடி. என் லேப்டாப் உயிர் பெற்று எழுந்தபோது அவன் ஐந்தாவது அடியில் இருந்தான். என் லூப் எப்போதும் போல ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. அடுத்த சில ஆவர்த்தனங்களுக்கு அவனுடைய சமம் ஓரிடம், என் பேஸ் லைனுடைய சமம் வேறிடம். கடைசியில் அவன்தான் அரை ஆவர்த்தனத்தை விழுங்கிவிட்டு என் மெஷினோடு வந்து சேர்ந்தான். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எலக்ட்ரானிக் இசையை உருவாக்கவும் மேடையில் வாசிக்கவும் ஒரு மென்பொருள் வேணும்னா, அதுல என்னதான் இருக்கணும்? யூடியூபில் தேடினால் பட்டியல் கொட்டும்: எத்தனை டிராக், எத்தனை எஃபெக்ட், எத்தனை ஜிபி சவுண்ட் லைப்ரரி. எனக்கு அது கடைக்காரர் கேள்வியாகத் தெரிந்தது. அதனால் வேறு வழியில் போனேன். இந்த மென்பொருள்களை முதலில் எழுதியவர்கள் எதில் முட்டிக்கொண்டார்கள் என்று தேடிப் படித்தேன். திரும்பத் திரும்ப ஒரே சுவர்தான் வந்தது: கணினி காத்திருக்கும், காத்திருக்க வைக்கும், இசை ரெண்டையும் செய்யாது.

கதை 1957-ல் ஆரம்பிக்கிறது. நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகம், டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். மேக்ஸ் மேத்யூஸ் என்ற பொறியாளருக்கு அங்கே குரலை எண்களாக மாற்றி ஆராய்கிற வேலை. குரலை எண்ணாக்க முடியும்னா, எண்ணிலிருந்து இசையை எடுக்க முடியாதா என்று அவருக்குத் தோன்றியது. அப்படி எழுதிய நிரலுக்கு ‘மியூசிக்’ என்றே பெயர். அதில் நியூமன் கட்மன் என்ற சக ஆய்வாளர் செய்த முதல் துண்டு 17 வினாடி ஓடும். அழகா இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இப்போதைய காலிங் பெல்லுக்கு அதைவிட நல்ல ட்யூன் உண்டு.

ஆனால் அந்த 17 வினாடி எப்படி வந்ததுன்னு பாருங்க. கணக்குப் போடும் ஐபிஎம் 704 கணினி இருந்தது நியூயார்க் நகரத்தில், மேடிசன் அவென்யூவில் இருந்த ஐபிஎம் அலுவலகத்தில். அங்கே போய் நிரலை ஓட்ட வேண்டும். வெளியே வருவது ஒலி இல்லை, எண்கள் நிறைந்த காந்த நாடா. அந்த நாடாவை நியூ ஜெர்சிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் கருவியில் ஓட்டினால்தான் காதுக்கு ஏதாவது கேட்கும். ஒரு ஸ்வரம் தப்பா இருந்தா? திரும்ப நியூயார்க். நம்ம ஆபீஸ்ல பில்டு அரை மணி நேரம் ஓடுதுன்னு புலம்புறோம்.

அடுத்த சில வருஷங்களில் மேத்யூஸ் செய்த ஒரு வேலை இன்னைக்கும் உயிரோட இருக்கு. ஒலியை உருவாக்கும் வேலையைச் சின்னச் சின்னக் கட்டைகளாகப் பிரித்தார். அலையை உருவாக்க ஒரு கட்டை, அதன் பலத்தை ஏற்றி இறக்க ஒன்று, ரெண்டைக் கூட்ட ஒன்று. கட்டைகளை உங்க இஷ்டத்துக்கு இணைத்தால் உங்க வாத்தியம் தயார். இன்றைய சின்த் மென்பொருள்கள் பலவற்றின் அடியிலும் இந்த யோசனை இருக்கிறது. ஆனாலும் காத்திருப்பு தீரவில்லை. எழுதுபவருக்கு அது சரி, வாசிப்பவருக்கு அது ஆகாது.

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த மெஷின் அடுத்தது. பெயர் க்ரூவ். 1970 வாக்கில் மேத்யூஸும் ரிச்சர்ட் மூர் என்பவரும் சேர்ந்து பெல் ஆய்வகத்திலேயே செய்தது. அந்தக் காலக் கணினிக்கு ஒலியை உடனுக்குடன் கணக்குப் போடுகிற வேகம் கிடையாது. நல்ல ஒலிக்கு நொடிக்குப் பல்லாயிரம் எண்கள் வேண்டும். இவர்கள் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். ஒலியை அனலாக் சின்தசைசர் பார்த்துக்கொள்ளட்டும். கணினி ஒலியைத் தொடவே வேண்டாம், கையை மட்டும் கவனிக்கட்டும். நீங்க ஒரு குமிழைத் திருப்புறீங்க, ஒரு கீயை அழுத்துறீங்க. மனுஷக் கை எவ்வளவு வேகமா அசைஞ்சாலும், நொடிக்கு நூறு இருநூறு தடவை அளந்தா போதும். அது அந்தக் கணினியால் முடியும்.

அதனால என்ன ஆச்சுன்னா, வாசிப்பே சேமிக்கக்கூடிய பொருளாகிவிட்டது. ஒலியை டேப்பில் பிடிப்பது வேறு. இது கை அசைந்த விதத்தையே நேரத்தின் கோடாகப் பிடித்து வைப்பது. மறுபடி ஓடவிட்டு, அந்தக் கோட்டில் ஒரு இடத்தை மட்டும் திருத்தலாம். ஒரு கையால் வாசித்ததை ஓடவிட்டபடியே இன்னொரு குமிழைத் திருப்பிச் சேர்க்கலாம். மேத்யூஸும் மூரும் இதை வாத்தியக்காரர் வாத்தியம் வாசிப்பதோடு ஒப்பிடவில்லை. இசைக்குழுவுக்கு முன்னால் நிற்கும் கண்டக்டரோடு ஒப்பிட்டார்கள். ஸ்வரங்கள் ஏற்கெனவே எழுதியிருக்கும், எப்படி நடத்திக்கொண்டு போவது என்பது மேடையில் முடிவாகும். இப்போ எல்லா மியூசிக் சாஃப்ட்வேரிலும் ‘ஆட்டோமேஷன்’னு ஒரு கோடு இழுப்போமே, அதோட கொள்ளுத்தாத்தா இதுதான்.

இந்த மெஷினில் 1973-லிருந்து சில வருஷம் வேலை செய்தவர் லாரி ஸ்பீகல். கிட்டார் வாசிக்கத் தெரிந்த இசையமைப்பாளர், நிரலும் தானே எழுதுவார். அவர் க்ரூவில் செய்த இசை 1980-ல் ‘தி எக்ஸ்பாண்டிங் யுனிவர்ஸ்’ என்ற ஆல்பமாக வந்தது. கேளுங்க. கணினி இசைன்னாலே ‘பீப் பூப்’னு ஒரு எண்ணம் இருந்தா அது போயிடும். மெதுவா, மூச்சு விடுற மாதிரி நகரும். 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில், பூமியின் ஒலிகள் என்ற பகுதி தொடங்குவதே அவர் உருவாக்கிய ஒலியில்தான். கோள்களின் இயக்கத்துக்கு கெப்ளர் எழுதி வைத்த இசைக் கணக்கை அவர் ஒலியாக்கியிருந்தார்.

சரி, அவ்வளவு நல்ல மெஷின் எங்கே போச்சு? க்ரூவ் ஒரு கணினிக்காக, ஒரு ஆய்வகத்துக்காக, அங்கே இருந்த கம்பிகளுக்காக எழுதப்பட்டது. அந்தக் கணினி போனதும் நிரல்களும் போயின. இசை டேப்பில் தப்பித்தது, வாத்தியம் தப்பிக்கவில்லை. ஒரு வீணைக் கலைஞரிடம், ‘நீங்க வாசிச்ச ரெக்கார்டிங் பத்திரமா இருக்கு, ஆனா இனி உலகத்துல வீணையே கிடையாது’ன்னு சொன்னா எப்படி இருக்கும்? 1986-ல் ஸ்பீகல் ‘மியூசிக் மவுஸ்’ என்ற மென்பொருளை எழுதினார். இந்தத் தடவை யாரும் கடையில் வாங்கக்கூடிய மேக்கின்டாஷுக்கு. பிறகு அமிகாவுக்கும் அடாரிக்கும். மவுஸை நகர்த்தினால் வாசிக்கும். ஸ்கேலுக்குள் இருக்கிற வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும், நீங்க போக்கை மட்டும் பார்த்தால் போதும்.

இதற்கு நடுவில் 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நாம் என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு போட்டிக் கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்று சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் செய்தது, இன்னொன்று ஜப்பானின் ரோலண்ட் செய்தது. இதில் அழுத்தினால் அதில் ஒலித்தது. அதுதான் மிடி. டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் இதற்காக முன்னின்றார்கள், காப்புரிமைக் கட்டணம் எதுவும் வைக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 2013-ல், இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது.

மிடி ஒலியை அனுப்பாது. ‘60-ஆம் எண் ஸ்வரம், இவ்வளவு பலமாக, இப்போது’ என்று மூன்று பைட்டில் சேதி அனுப்பும். வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்குப் பத்து பிட் செலவாகும், ஆக ஒரு ஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிவினாடி. பத்து விரலையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், கடைசி விரலின் சேதி பத்து மில்லிவினாடி தாமதமாகப் போய்ச் சேரும். அன்றைய விலைக்கு அது நல்ல சமரசம்.

நம்ம காதுக்கு உறுத்துகிற சமரசம் வேறு இடத்தில் இருக்கிறது. மிடிக்கு ஸ்வரம் என்றால் பியானோ கட்டை. 0 முதல் 127 வரை எண்கள். கமகம் மாதிரி ஸ்வரத்தை வளைக்க வழி உண்டு, ஆனால் வளைத்தால் அந்தச் சேனலில் ஒலிக்கிற எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளையும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் கொடுத்து இதைச் சமாளிக்கும் முறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 2018-ல்தான். முப்பத்தைந்து வருஷம்! பியானோ இல்லாத ஊர்க்காரர் ஒருத்தர் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

என் நண்பனின் கேள்வியும் இங்கேதான் முளைக்கிறது. ரெண்டு மெஷின் ஒரே தாளத்தில் ஓட மிடியில் ஒரு கடிகாரம் உண்டு. ஒரு கால் ஸ்வர அளவுக்கு, அதாவது மேற்கத்திய கணக்கில் ஒரு அடிக்கு, 24 டிக். அவ்வளவுதான், டிக் டிக் டிக். இது எத்தனையாவது அடி என்பது அந்த டிக்கில் இருக்காது. நடுவில் கேபிள் கழன்றால் எண்ணிக்கை தொலைந்தது. இடத்தைச் சொல்ல வேறொரு சேதி உண்டு, ஆனால் அதை யாராவது நேரத்துக்கு அனுப்ப வேண்டும். சாதாரணமாக மேடையில் நடப்பது என்னன்னா, ‘ஸ்டார்ட்’ அழுத்துவாங்க. ஸ்டார்ட்னா ஒன்றிலிருந்து. நான் அன்னைக்குச் செஞ்சதும் அதே.

1985-ல் வந்த அடாரி எஸ்டி கணினியின் உடம்பிலேயே மிடி துளைகள் இருந்தன. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அதனால் ஐரோப்பிய ஸ்டூடியோக்களுக்குள் அது சுலபமாக நுழைந்தது. 1989-ல் அதில் கியூபேஸ் வந்தது. இடமிருந்து வலமாக நேரம், மேலிருந்து கீழாக டிராக்குகள், நடுவில் நகரும் ஒரு கோடு. இன்று நீங்கள் திறக்கும் பெரும்பாலான இசை மென்பொருளின் முகம் அதுதான். பாட்டை எழுத அருமையான முகம். ஆனால் அதன் மனசுக்குள் இருப்பது ஒரு டேப் ரெக்கார்டர்: ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, நடுவில் மனசு மாறினால் நிறுத்தணும்.

அதே காலத்தில் இன்னொரு கூட்டம் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தது. 1987-ல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகா கணினிக்கு ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ எழுதினார். நான்கே குரல். திரை முழுக்க எண்கள், எக்ஸெல் ஷீட்டைச் செங்குத்தாக ஓடவிட்ட மாதிரி. கேம் இசைக்காகப் பிறந்தது. டிராக்கர்னு இன்னைக்கும் ஒரு ஜாதி மென்பொருள் இருக்கே, அதோட மூத்தவர் இவர். எண்களா இருந்தாலும் பேட்டர்ன் சுத்திக்கிட்டே இருக்கும், சுத்தும்போதே எண்ணை மாத்தலாம். இதைப் பற்றித் தனி எபிசோடே பேசலாம், இப்போ தாண்டிப் போறேன்.

ஏன்னா பாரிஸுக்குப் போகணும். மனுஷன் மெஷினுக்காக வளைவதா, மெஷின் மனுஷனுக்காக வளைவதா என்று நேருக்கு நேர் கேட்ட இடம் அது. பாரிஸில் இர்காம் என்ற இசை ஆராய்ச்சி நிறுவனம். அங்கே 4எக்ஸ் என்ற பெரிய ஒலிக் கணினி இருந்தது. இசையமைப்பாளர் ஃபிலிப் மனூரி புல்லாங்குழலும் 4எக்ஸும் சேர்ந்து வாசிக்கும் ‘ஜூபிடர்’ என்ற படைப்பை 1987-ல் செய்தார். குழல் வாசிப்பவர் காதில் மெட்ரோனோம் மாட்டிக்கொண்டு கணினிக்குப் பின்னால் ஓடக்கூடாது. அவர் இழுத்தால் அது காத்திருக்க வேண்டும். அவர் ஓடினால் அது கூட ஓட வேண்டும். அதுக்குக் கணினிக்கு ஸ்வரக் குறிப்பு முன்பே தெரிந்திருக்க வேண்டும், கேட்பதை அதோடு பொருத்தி ‘இப்போ இங்கே இருக்கிறார்’ என்று கண்டுபிடிக்க வேண்டும். 1984-லேயே ரோஜர் டேனன்பர்க், பேரி வெர்கோ என்ற இரண்டு பேர் தனித்தனியாக இதற்கான வழிகளைக் காட்டியிருந்தார்கள். நம்ம ஊர்ல பக்கவாத்தியக்காரர் எல்லாக் கச்சேரியிலும் செய்யறதுதான். மெஷினுக்கு அது ஆராய்ச்சிக் கட்டுரை.

மில்லர் பக்கெட் என்ற இளைஞர் இர்காமில் இந்த வேலைகளுக்காக மேக்கின்டாஷில் ஒரு மென்பொருள் எழுதினார். பெட்டிகள், பெட்டிகளை இணைக்கும் கோடுகள். நிரல் எழுதத் தெரியாத இசைக்கலைஞரும் கோடு இழுத்து வாத்தியம் செய்யலாம். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மேக்ஸ்’, மேக்ஸ் மேத்யூஸின் நினைவாக. வெறும் மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. எந்த வேலை எந்த நொடியில் விழிக்க வேண்டும், எது எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நேரத்தை நிர்வகிக்கும் யோசனையை மேத்யூஸின் இன்னொரு நிரலிலிருந்து எடுத்ததாக பக்கெட்டே சொல்லியிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவது கோடுகள். உள்ளே ஓடுவது ஒரு ஷெட்யூலர். என்னை மாதிரி ஆளுக்கு ரொமான்ஸே அங்கேதான்.

1996-ல் கியூபேஸோடு வந்த விஎஸ்டி பிளகின்கள், 1997-ல் பழைய ரோலண்ட் மெஷின்களைத் திரைக்குள் கொண்டுவந்த ரீபர்த், இதெல்லாம் முக்கியம்தான். ஸ்டூடியோ முழுக்க லேப்டாப்புக்குள்ள போனது அப்படித்தான். ஆனா நம்ம கேள்விக்குப் பதில் பெர்லினில் இருந்தது.

பெர்லினில் மோனோலேக் என்று ஒரு ஜோடி. கெர்ஹார்ட் பேல்ஸ், ராபர்ட் ஹெங்கே. டெக்னோ வாசிப்பவர்கள். மேடைக்குப் போகும்போது கியூபேஸ் மாதிரி மென்பொருள் உதவாது. கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது ‘இந்தப் பகுதியை இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டலாம்’ என்று தோன்றினால், நேரக் கோடு கேட்காது, ஓடிக்கொண்டே போகும். அதனால் மேக்ஸில் தங்களுக்கென்று சின்னச் சின்ன வாத்தியங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் 1999-ல் பேல்ஸும் பெர்ன்ட் ரோகன்டார்ஃபும் ஏபிள்டன் கம்பெனியைத் தொடங்கினார்கள். 2001-ல் ‘லைவ்’ என்ற மென்பொருளின் முதல் பதிப்பு வந்தது. அதில் மிடி கூட முழுசா கிடையாது, மிடி டிராக்கும் மென்பொருள் வாத்தியங்களும் 2004-ல் நான்காவது பதிப்பில்தான் வந்தன. வசதிப் பட்டியல் போட்டு ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே தோற்றிருக்க வேண்டிய மென்பொருள்.

அது ஜெயித்ததற்கு நான் பார்க்கிற காரணம் ரெண்டு. ஒன்று, அதில் இன்னொரு முகம் இருந்தது: கட்டம் கட்டமாக இசைத்துண்டுகள், எதை எப்போது தட்டினாலும் ஓடும், எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் சுற்றும். ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. இன்னொன்று இன்னும் நுட்பமானது. நீங்கள் தட்டியவுடனே அந்தத் துண்டு ஓடாது. அடுத்த பார் தொடங்கும் வரை பொறுத்திருந்து, சமத்தில் நுழையும். உங்க விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இசை தப்பாது. வேற வேற வேகத்தில் பதிவான ஒலிகளையும் இழுத்து, சுருக்கி, சுருதி மாறாமல் ஒரே தாளத்துக்குள் உட்கார வைக்கும். ஒரு மென்பொருள் பயனரின் அவசரத்தை இப்படி மன்னிப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாம எழுதுற ஆப் எல்லாம் பட்டனைத் தட்டின மறு மில்லிவினாடி ஓடணும்னு தவிக்குது. இங்கே சரியான நேரம் வரைக்கும் பொறுத்திருப்பதுதான் வசதி.

இதுக்குக் குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். எல்லாமே கட்டத்துக்குள் அடங்குவதால் எல்லாமே நான்கு நான்காக, எட்டு எட்டாக யோசிக்க வைக்கும். அதில் செய்த இசையில் பாதியை, கேட்டவுடனே அதில் செய்ததுன்னு சொல்லிடலாம். அந்தச் சோம்பேறித்தனத்தில் நானும் உண்டு.

இப்போ என் தப்புக்கு வர்றேன். லேப்டாப் ஏன் உறைஞ்சது? சென்னைக்காரங்களுக்குச் சுலபமா சொல்லணும்னா, குடமும் தண்ணி லாரியும். ஸ்பீக்கருக்கு நொடிக்கு 44,100 எண்கள் வேண்டும், இடைவிடாமல். கணினி அதை ஒவ்வொன்றாகத் தராது, ஒரு குடம் நிரப்பிக் கொடுக்கும். குடத்தின் அளவு 256 என்று வைத்தால், அது 5.8 மில்லிவினாடியில் காலியாகும். அதற்குள் அடுத்த குடம் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் ‘கர்ர்ர்’. குடத்தைப் பெரிதாக்கினால் நிம்மதி, ஆனால் நண்பன் தட்டியது வெளியே கேட்க அவ்வளவு நேரமாகும். 1024 வைத்தால் 23 மில்லிவினாடி. ‘தொப்பி போட்டுக்கிட்டு தலை சொறியுற மாதிரி இருக்கு’ன்னான் அவன்.

அதனால் குடம் நிரப்பும் வேலையாள் வழியில் எதற்கும் நிற்கக் கூடாது. ஃபைலைத் திறக்கக் கூடாது, மெமரி கேட்டு வரிசையில் நிற்கக் கூடாது, இன்னொரு திரெட் பூட்டியிருக்கும் கதவுக்கு முன்னால் காத்திருக்கக் கூடாது. இந்த வேலையில் இது பாலபாடம். நான் என்ன பண்ணியிருந்தேன்னா, பிழை தேடுறதுக்காக அதே திரெட்டில் ஒரு லாக் ஃபைல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வரி. வீட்டில் அந்த ஃபைல் நேரம் எடுத்ததாகவே தெரிந்ததில்லை. கஃபேயில் வைஃபை கிடைத்தவுடன் லேப்டாப் பின்னணியில் எதையோ தரவிறக்கி, டிஸ்க் முழுக்க அதுக்கே வேலை. என் வேலையாள் குடத்தோட வரிசையில் நின்னுட்டான். சராசரி வேகம் நல்லா இருந்தது, ஒரே ஒரு மோசமான தடவை போதுமா இருந்தது. ஆபீஸில் வெப் சர்வர் எழுதும்போது சராசரியைப் பார்த்தே பழகின கை.

அதைச் சரி செய்ய ஒரு சாயங்காலம் போதுமா இருந்தது. நண்பனின் கேள்விக்குத்தான் நாளாச்சு.

பதிலைக் கொடுத்தது 2016-ல் ஏபிள்டன் வெளியிட்ட ‘லிங்க்’ என்ற சின்னத் தொழில்நுட்பம். நாலு பேர் நாலு லேப்டாப்போடு ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் எல்லோரும் ஒரே தாளத்தில் ஓடலாம். தலைவர் மெஷின்னு யாரும் கிடையாது. யாரும் நடுவில் விலகலாம், நடுவில் சேரலாம், மற்றவர்கள் நிற்க வேண்டாம். மிடி கடிகாரம் போல டிக் அனுப்புவதில்லை. வேகம் இது, இந்த நேரத்தில் இந்த அடியில் இருந்தோம் என்ற உறவை மட்டும் பகிர்கிறார்கள். அது தெரிந்தால், இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் தானே கணக்குப் போடலாம். புதிதாக வருபவர் ஐந்தாவது அடியில் வந்தால் ஐந்திலேயே சேர்கிறார். தாளம் யாருடைய மெஷினுக்குள்ளும் இல்லை.

என் மென்பொருளில் லூப்தான் தாளத்தை வச்சிருந்தது. லூப் செத்தா தாளமும் செத்தது. அதை மாத்தினேன். கச்சேரி ஆரம்பித்த கணத்தையும் வேகத்தையும் தனியாக எழுதி வைத்துவிட்டு, ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடியைக் கடிகாரத்திலிருந்தே கணக்குப் போடும்படி செய்தேன். மொத்தம் இருபது வரி இருக்கும். கச்சேரியில் கை தாளம் போடுற மாமி பாட்டு நின்னாலும் எண்ணுறதை நிறுத்த மாட்டாங்க இல்லையா, அதே விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒத்திகை. பதினைந்து நிமிஷம் ஓடியிருக்கும். நண்பன் என்னிடம் எதுவும் சொல்லாமல், வாசித்தபடியே காலை நீட்டி, ஆடியோ பாக்ஸின் யுஎஸ்பி கேபிளைத் தட்டிப் பிடுங்கிவிட்டான். எனக்கு உயிரே போச்சு. அவன் நிறுத்தல. ரெண்டு ஆவர்த்தனம் போனதும் நான் கேபிளைச் சொருகினேன். ஆறாவது அடியில் பேஸ் லைன் உள்ளே வந்தது, ஆறாவது அடியாகவே. அவன் தலையாட்டினான்.

அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, வேணும்னே மெதுவாக்க ஆரம்பிச்சான். என் மெஷின் அதே வேகத்துல போய்க்கிட்டே இருந்தது.